நீ கழுவிய பக்கம்

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியே விட்டுப் போன என் அன்புச் சகலை காளிமுத்துவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் வண்டி தகுதிச் சோதனையில் தேறி எஃப்.சி. வாங்கிவிட்டது. ஆமாம், இரும்புக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போன அதே பழைய மினி லாரிதான். இன்று காலையில் ராமநாதபுரத்தில் ஐஸ் ஏற்றிக் கடற்கரைக்கு நான்தான் ஓட்டிப் போனேன். நான் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டு நீ என்னவெல்லாம் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இதை மட்டும் சொல்வதற்காக எழுத உட்காரவில்லை. உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்த அன்றைக்கு உன் வீட்டு வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை ஆறு மாதம் யாரும் தொடவில்லை. எஃப்.சி. தேதியும் தாண்டிவிட்டது. இரும்புக்கடைக்காரர் வந்து விலை பேசியபோது வள்ளி மதினி தலையாட்டப் போனார். நான்தான் குறுக்கே விழுந்து, எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள், நானே சரி செய்து எஃப்.சி. காட்டுகிறேன் என்றேன்.

“நீங்களா? அவரு உசுரா வச்சிருந்த வண்டியக் கெடுத்ததே நீங்கதான தம்பி. மீன் தண்ணி இரும்பத் தின்னுரும், வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டீகளா?”

திருவாடானைப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை மீனுக்குத் திருப்பியது என் யோசனைதான். ஆனாலும் உன் மனைவி, என் மனைவியின் கூடப்பிறந்த அக்கா, அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு அவர் என் முகம் பார்த்துப் பேசவே இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். “இரும்புக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைக்கிறவன் வண்டியில கை வைக்கக் கூடாதுலே” என்று என்னை எத்தனை தடவை விரட்டியிருப்பாய்? அந்தக் கைதான் இப்போது வண்டிக்கு அடியில் போனது. சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, முட்டுக் கட்டைகள் கொடுத்து, முதுகுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தேன். சேசிஸை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றுதான் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பாடியில்தான் கோளாறு.

வலது பக்கத்து போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத் திருகினேன். சமர்த்தாகக் கழன்று வந்தன. இடது பக்கம் ஸ்பேனரை வைத்ததுமே நட்டு பொரிமாவு மாதிரி உதிர்ந்தது. பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் நான்கும் இடது பாதியில் மட்டும் இற்றுப்போயிருந்தன. திருப்புளியால் குத்தினால் மறுபக்கம் வந்தது. பேட்டரிப் பெட்டி அப்படியே என் கையோடு பெயர்ந்துவிட்டது.

எனக்குப் புரியவில்லை. மீன் பெட்டியை இரண்டு பக்கமும்தானே அடுக்குகிறோம்? மீன் தண்ணீருக்கு இடது, வலது தெரியுமா? கடல் காற்று ஒரு பக்கம் பார்த்தா அடிக்கிறது? அடியில் படுத்தபடியே தலையைத் திருப்பினேன். எதிரே நம் போர்வெல் குழாய். தண்ணீர் விழுந்து விழுந்து காயும் சிமெண்ட் தரையெங்கும் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடந்தது.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவுவோமே. இடது பக்கம் நீ, வலது பக்கம் நான். நீ ஹோஸைப் பிடித்துக்கொண்டு சந்து பொந்தெல்லாம் தண்ணீர் பாய்ச்சி மதியம் வரைக்கும் கழுவுவாய். நான் அரை வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக் கதவையும் நம்பர் பிளேட்டையும் துடைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன்.

“ஏலே சேது, வண்டி என்ன மூஞ்சியா, தொடச்சுவிட்டுட்டுப் போறதுக்கு?”

“இந்தப் போர்த் தண்ணியில கழுவுனா உப்புத்தான்யா ஏறும்.”

“சோம்பேறிக்கு நல்ல சாக்கு கெடச்சிருச்சு.”

அது வெறும் சாக்குதான், ஒப்புக்கொள்கிறேன். சத்தியமாக எனக்கே அதில் நம்பிக்கை கிடையாது. டீ குடிக்கப் போவதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது உண்மையாகப் போகும் என்று யார் கண்டது? பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத அந்தத் தண்ணீரை வாராவாரம் ஆசை ஆசையாக ஊற்றி, உன் பக்கத்தை நீயே கரைத்துவிட்டாய். என் சோம்பேறித்தனம் என் பக்கத்தைக் காப்பாற்றிவிட்டது.

முதலில் சிரித்தேன் சகலை. வண்டிக்கு அடியில் தனியாகப் படுத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். உன்னோடு போட்ட வாதத்தில் என் வாழ்நாளில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறேன், தோற்றேன் என்று சொல்ல நீ இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இதை மதினியிடம் நான் சொல்லியிருக்க வேண்டுமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மேல் இருக்கும் பழி போய்விடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசலில் நின்று நீ வண்டி கழுவுவதைப் பார்த்தவர் அவர். அந்தக் கழுவல்தான் வண்டியைக் கெடுத்தது என்று அவரிடம் போய் எப்படிச் சொல்வது? என் இடத்தில் நீயாக இருந்தால் உடனே சொல்லிவிட்டு, மூன்று மாதம் என்னைக் கிண்டலும் செய்திருப்பாய். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பழி என்னிடமே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வேகத்தையெல்லாம் வேலையில் காட்டினேன். இற்றுப்போன பாதிகளை வெட்டி எடுத்துப் புது சட்டம் வைத்து வெல்டிங் அடித்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதற்கு மேல் தார் பெயிண்ட். மீன் தண்ணீர் இனி கீழே சொட்டாது. பாடிக்குள்ளேயே வாய்க்கால் வைத்து, குழாய் போட்டு, ஒரு கேனில் பிடிக்கிறேன். பின் விளக்குகள் எல்.இ.டி. ஆகிவிட்டன. பேட்டரிப் பெட்டி ஒரு முழம் மேலே ஏறிவிட்டது. பிரேக்குக்கும் சக்கரத்துக்கு மேலே உடைந்திருந்த கமான் பட்டைக்கும் மட்டும் பட்டறையிலிருந்து ஆளைக் கூப்பிட்டேன், என் தலைக்கனத்துக்கும் ஓர் அளவு உண்டு. உன் ஏர் ஹாரனைக் கழற்றிவிட்டேன், அது இருந்தால் எஃப்.சி. கிடைக்காது. ஊர்க்காரர்கள் காது இப்போது நன்றாகக் கேட்கிறதாம்.

எஃப்.சி. அன்றைக்கு மதினியும் வந்தார். வண்டி இப்போது அவர் பெயரில் இருக்கிறது. ஆய்வாளர் டார்ச்சோடு குனிந்து அடியில் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

“ஒரு பக்கம் மட்டும் எல்லாம் புதுசா இருக்கே. எங்கயும் இடிச்சீங்களா?”

“இல்ல சார். மீன் வண்டி. அந்தப் பக்கத்த நான் சரியாக் கவனிக்கல, அரிச்சிருச்சு.”

“பொய் சொல்றாரு சார்,” என்று பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. “அது எங்க வீட்டுக்காரரு கழுவுன பக்கம். வாராவாரம் போர்த் தண்ணியப் பாய்ச்சிப் பாய்ச்சிக் கழுவுவாரு. இரும்பு என்ன செய்யும்?”

ஆய்வாளர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார், வண்டியை ஓட்டச் சொன்னார், பிரேக் பிடிக்கச் சொன்னார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது மதினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருப்புல்லாணி தாண்டும் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டே விட்டேன்.

“மதினி, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தத் தண்ணியிலதான தம்பி நான் துணி தொவைக்கிறேன். ஆறு மாசத்துல சேல நைஞ்சு போகுது. இது தெரியாதா?”

“தெரிஞ்சேதான் என்னயத் திட்டுனீகளா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “செத்தவரத் திட்ட மனசு வருமா தம்பி? அதான் இருக்கறவரத் திட்டுனேன்.”

அதோடு நிறுத்தவில்லை சகலை. நீ போனதிலிருந்து அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் திறந்துகொண்டது. சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டால் வரமாட்டாயாம். சொன்ன பேச்சு எதையும் கேட்டதே இல்லையாம். “வண்டியில ஒரு சின்னச் சத்தம் வந்தா ஏழு தடவ எறங்கிப் பாப்பாரு. நெஞ்சு வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா? ஒரே ஒரு வார்த்த!” என்று சத்தம் போட்டு அழுதார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. நான் ஓரங்கட்டி வழிவிட்டு, வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வண்டியை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் மதினி உன்னைத் திட்டும்போது உனக்காகப் பரிந்து பேச மாட்டேன். அவர் திட்டி முடிக்கும் வரைக்கும் வீட்டு வாசலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தவும் மாட்டேன். நெஞ்சு வலியை நீ சொல்லாமல் போனதில் எனக்கும்தான் கோபம்.

ஜெயித்தும் வாயடைத்து நிற்கும்,
உன் சோம்பேறிச் சகலை
சேது