பர்சோ என்றால் எப்போது

இன்று காலை டிரோன் பெட்டியைத் திறந்தேன். ரிமோட்டின் கழுத்துப் பட்டையில் தைலம் மணந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, அந்தப் பாழாய்ப்போன தைலம் மட்டும் போகவில்லை. பட்டையைத் துவைக்கவும் மனம் வரவில்லை, கழுத்தில் மாட்டிக்கொள்ளவும் முடியவில்லை. ஆனாலும் மாட்டித்தான் ஆக வேண்டும். லைசென்ஸ் வாங்கிவிட்டேன், உன் வேலை இப்போது என் தலையில்.

வனத்துறைக்காக நாம் சேர்ந்து டிரோனில் தேடிய முதல் சிறுத்தை உனக்கு மறந்திருக்காது. நகரத்தின் ஓரத்தில் உயரமான மதில் கட்டிய ஒரு பயிற்சி வளாகம். உள்ளே சிறுத்தையின் கால்தடம். வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வந்து, "பர்சோ அந்த மதகுப் பக்கம் பார்த்தாராம்டா" என்றாய். நான் திருநெல்வேலியில் பரீட்சை எழுதி இந்தி படித்தவன். பர்சோ என்றால் முந்தாநாள். மதகைச் சுற்றியே வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன், நீயும் இரண்டு நாள் பறக்கவிட்டாய். வெப்பக் கேமராவில் நாய்களும் மயில்களும்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

மூன்றாம் நாள் வாட்ச்மேனை நானே போய்க் கேட்டேன். அவர் பார்த்தது போன மழைக்காலத்தில், மாதக்கணக்கில் முன்னால். அது உள்ளே வந்தது தெரியாமல் மதகுக்குக் கம்பி வலையும் அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதற்கு வெளியே போக வழியில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஹைதராபாத்ல போன வாரமும் பர்சோதான், போன வருஷமும் பர்சோதான். மூணு தலைமுறையா திருமுல்கேரில இருக்கோம், எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்டா சொல்லல?"

"நீ ஏன்டா கேக்கல?"

அன்று சாயங்காலமே பம்பு அறைக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தோம். படம் தெளிவாக வேண்டும், இன்னும் கீழே இறக்கு என்று நான் நச்சரித்தேன். டிரோன் இறங்க இறங்க அது சுவரோடு ஒடுங்கிக்கொண்டே போனது. நீ "நக்கோ, நக்கோ, வேணாம்டா" என்று சட்டென மேலே ஏற்றிவிட்டாய். "நாலு பக்கமும் சுவர், தலைக்கு மேல நாம. அது எங்கதான்டா போகும்?" எனக்கு அப்போது படம்தான் பெரிதாக இருந்தது. மறுநாள் வனத்துறைக்காரர்கள் அதை மயக்கிப் பிடித்துக் காட்டில் விட்டார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை. சனத்நகர் ஆபீசுக்குப் போகிற வழியில், அமீர்பேட்டில் ரயில் மாறும்போது, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். ஜனம் நம்மைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. "நெஞ்சுல ஏதோ புடிக்குதுடா. கேஸ்தான்" என்றாய். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"பர்சோலேர்ந்து."

உன் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் சனிக்கிழமை அதிகாரிகள் முன்னால் டிரோனை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது, உன்னைத் தவிர லைசென்ஸ் உள்ள ஆள் ஆபீசில் கிடையாது. அதனால் முந்தாநாள் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை நீ அழகாக ஓட்டினாய். செவ்வாய்க்கிழமை நீ இல்லை.

சட்டைப் பையிலும் தலையணைக்கு அடியிலும் தைல டப்பிகள் கிடந்ததாக உன் மனைவி பிறகு சொன்னாள். மாதக்கணக்காகத் தேய்த்திருக்கிறாய். "அண்ணா, உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன். முதல் பொய்க்குப் பிறகு வேறு எதைச் சொல்வது? வேலையை விட்டு ஊருக்கே போய்விடலாம் என்றால், ஏன் என்று அவள்தான் முதலில் கேட்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

நான் பயப்படுவது அவள் கோபத்துக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று அவள் அழுதது வேறு ஒன்றுக்கு. "வலிக்குதுன்னு சொல்லிக்க அவருக்கு ஒரு ஆள்கூட இல்லாமப் போச்சே அண்ணா" என்றாள்.

இருந்தேன்டா. நீ என்னிடம் சொன்னாய்.