ஒற்றைக் கோடு வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

குதிரை ஆஸ்பத்திரியில் வேலை என்றால், நான் ஊசியோடு குதிரைக்குப் பின்னால் ஓடுகிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் வேலை சுவரைத் துடைத்துப் பார்ப்பது. ஈரப் பஞ்சால் தரை, சுவர், தீவனத் தொட்டி என்று துடைத்து, கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இதுவரை பஞ்சை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் தேவுடு காத்தோம். இன்று அதற்கு விடிவு பிறந்தது. புது ஸ்டிரிப் வந்துவிட்டது! பஞ்சைச் சத்துக் கரைசலில் போட்டு ஒரு ராத்திரி சூட்டில் வைத்தால், காலையில் நாலு சொட்டு விட்டதும் பதில். ஒரு கோடு வந்தால் சுத்தம். இரண்டு வந்தால் சால்மொனெல்லா, வயிற்றைக் கெடுக்கிற கிருமி.

சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது. போன மாதம் இரண்டு குதிரைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. பிழைத்துக்கொண்டன, ஆனால் பெரிய டாக்டர் உள்வார்டைப் பூட்டிவிட்டார். "அடுத்தடுத்து ரெண்டு தடவை சுத்தம்னு வரட்டும். அப்புறம்தான் ஒரு குதிரை உள்ள வரும்" என்றார்.

நியாயம்தான். ஆனால் சவாரிப் பள்ளி நடத்தும் அம்மாவின் சாம்பல் குதிரைக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். போன தடவை குட்டி கால் மடங்கிக் கிடந்து, உதவிக்கு ஆள் வருவதற்குள் செத்துப்போனது. இந்தத் தடவை இங்கேதான் பெற வேண்டும். பிரசவ அறையோ பூட்டிய வார்டுக்குள் இருக்கிறது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். அந்த வயிற்றோடு வண்டியில் ஏற்ற முடியாது. அந்தம்மா போனில், "திறந்துடுவீங்களா?" என்று கேட்டார். "கண்டிப்பா!" என்றேன். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

மார்ச் 5, வியாழன்

இரண்டு கோடு. பிரசவ அறைச் சுவரில், தொட்டிக்கு மேலே, என் தோள் உயரத்தில். தரை சுத்தம், சுவர் அசுத்தம் – குதிரை என்ன சுவரேறியா போகும்? வார்டைக் கழுவுகிறவருக்கு நாங்கள் வைத்த பேர் சூறாவளி. அவருக்கு முகம் தொங்கிவிட்டது. "இன்னும் நல்லா அடிச்சுக் கழுவிடறேன் அக்கா" என்றார். அவரிடம் ஒரு பிரஷர் மெஷின் இருக்கிறது. அதன் பைப்பைக் கையில் எடுத்தால் வார்டில் ஈ எறும்பு நிற்காது. வேலை முடிந்ததும் மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஸ்டிரிப்பைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். போனது எங்கள் குடும்ப குரூப்புக்கு. கீழே "ரெண்டு கோடு. சந்தேகமே இல்ல" என்று வேறு எழுதித் தொலைத்திருந்தேன். நாத்தனார் வரிசையாக இதயம் போட்டாள். கல்லூரியில் இருக்கும் மகள், "அம்மா, இந்த வயசுலயா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் போன் செய்து, சாப்பிட்டாயா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நீ ஒண்ணும் தூக்காத. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னதும் கடுப்பாகிவிட்டார். பஸ்ஸில்தான் வீடு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பழி ஆஸ்பத்திரிப் பூனை மேல். "எதையாவது மிதிச்சிட்டு வந்து சுவர்ல தாவுது" என்கிறார் பெரிய டாக்டர். நாலு பாதத்தையும் பஞ்சால் துடைத்தேன். என் கையைப் பார்த்தால் முள்வேலியில் விழுந்தவள் மாதிரி இருக்கிறது.

மார்ச் 7, சனி

பூனை உத்தமி. ஒரே கோடு. ஆனால் நேற்றுவரை சுத்தமாக இருந்த ஜன்னல் விளிம்பில் இன்று இரண்டு!

மார்ச் 11, புதன்

சூறாவளி பல் பிடுங்கிக்கொண்டு லீவில் இருக்கிறார். பதிலுக்கு வந்த ஆள் வாளியும் துணியுமாக வந்து, மருந்துத் தண்ணீரால் சுவரையும் தரையையும் ஏனோதானோவென்று துடைத்துவிட்டுப் போனார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

இன்று காலை எல்லா இடத்திலும் ஒற்றைக் கோடு! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை வந்துவிட்டால் போதும்.

மார்ச் 13, வெள்ளி

போச்சு. மூன்று இடத்தில் இரண்டு கோடு. நேற்றுதான் சூறாவளி வேலைக்குத் திரும்பினார்.

என் நாக்கில் சனி. "நீங்க லீவுன்னா சுத்தம், நீங்க வந்தா அசுத்தம். பூட்ஸைக் காட்டுங்க" என்றேன், எல்லார் முன்னாலும். வீங்கிய கன்னத்தோடு என்னைப் பார்த்தார். "என் வீட்டைக்கூட இப்படிக் கழுவினதில்ல, அக்கா" என்றார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போய்விட்டார். துடைத்துச் சூட்டில் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அந்தம்மா போன். "மடி இறங்க ஆரம்பிச்சிடுச்சுங்க." அப்படியென்றால் நாள் நெருங்கிவிட்டது. என்ன சொல்வது? ஐயோ, அந்த ரூமுக்குள்ள என்னதான் நடக்குது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 14, சனி

பூட்ஸில் ஒற்றைக் கோடு. மன்னிப்புக் கேட்கப் போனேன். பிரசவ அறையைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாசலிலேயே நின்றேன். ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்வாக விழுந்தது. கடைசியில் பைப்பை அறை மூலையிலிருக்கும் சாக்கடை வாய்க்குள் விட்டு அடித்தார். அழுக்கு அடைவது அங்கேதான் என்று அவர் அதை ஒருநாளும் விடுவதில்லை. அப்போது வெயிலில் தெரிந்தது. சாக்கடைக்குள்ளிருந்து புகை மாதிரி நீர்த்துளிகள் எழும்பித் தொட்டிக்கு மேலேயும் ஜன்னல் விளிம்பிலும் சுவரிலும் போய் உட்கார்ந்தன. என் தோள் உயரத்தில்! அதற்குப் பிறகு அவர் மருந்து ஊற்றுவது தரைக்கு மட்டும்.

"நிறுத்துங்க!" என்று நான் கத்தியதில் பூனை ஓடியே போய்விட்டது.

குதிரை வாய் வைக்கிற இடம், உரசுகிற இடம் எல்லாம் துடைத்தேன். சாக்கடையை மட்டும் துடைக்கத் தோன்றவில்லையே எனக்கு! இன்று துடைத்தாயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

லீவு நாள். இருப்புக் கொள்ளாமல் போனேன். எனக்கு முன்னால் சூறாவளி வந்து உட்கார்ந்திருக்கிறார். சாக்கடைப் பஞ்சில் இரண்டு கோடு, இரண்டும் மை வைத்து இழுத்த மாதிரி. ஸ்டிரிப்பை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ நான்தான் தூவிட்டு இருந்தேனா?"

"நீங்க இல்ல. அந்தத் தண்ணி வேகம். உங்களை மாதிரி உள்ள வரைக்கும் வேற யாரும் கழுவ மாட்டாங்க, அதான் வினை. முந்தாநேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

"விடுங்கக்கா. துடைச்சுக் கொடுத்ததுல பூட்ஸ் புதுசாயிடுச்சு" என்றார். "இந்த ரிசல்ட் பழையபடி ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா?"

"நீங்க எப்போ லீவு போட்டீங்கன்னே மறந்திருப்போம்."

"அப்போ என் பல்லுக்குத்தான் மாலை போடணும்" என்று சிரிக்கப்போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மெஷினை அவரே போர்வையோடு தள்ளிக்கொண்டு போய்ப் பழைய சாமான் அறையில் விட்டார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னோம். இனி சாக்கடைக்கு மருந்து ஊற்றி ஊறவைத்து நீளப் பிரஷால் தேய்ப்பது. சுவருக்கு மேலிருந்து கீழே வாளியும் துணியும்.

மார்ச் 17, செவ்வாய்

ஒற்றைக் கோடு. சாக்கடை உட்பட. வாயைத் திறக்க மாட்டேன், கண் பட்டுவிடும்.

மார்ச் 18, புதன்

மறுபடியும் ஒற்றை! பெரிய டாக்டர் பூட்டைத் திறந்தார். சாயங்காலமே சாம்பல் குதிரை வந்து இறங்கியது, வயிறு முன்னாலும் அது பின்னாலுமாக. போட்டோவை வேண்டுமென்றே குடும்ப குரூப்பில் போட்டேன்: "ஒத்தைக் கோடு!" வீட்டுக்காரர் பதில் எழுதினார்: "சரி, பஸ்ல வா."

மார்ச் 23, திங்கள்

நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவையும் முன்கால் மடங்கித்தான் இருந்ததாம். பெரிய டாக்டர் கையை விட்டு நிமிர்த்தி இழுத்திருக்கிறார். அந்தம்மா வைக்கோலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

பழக்க தோஷம், இன்னொரு கையில் பஞ்சு. வாசலில் வாளியோடு நின்ற சூறாவளி, "அதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல அங்க பாருங்க" என்றார். குட்டி தள்ளாடித் தள்ளாடி எழுந்து எங்கள் பக்கம் திரும்பியது. முகம் முழுக்கக் கறுப்பு. நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு.

"நல்லா பார்த்துட்டேன் அக்கா" என்றார். "ஒண்ணுதான்."