கேசட் உறையில் நிற்பவன்

தென்காசி,
11-11-1984

அன்புத் தம்பி முத்துக்குமாரசாமிக்கு,

அக்கா சொக்கம்மாள் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். லெஸ்டரில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். காது மூடும் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. தை கழிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறதாம்.

உன் பார்சல் பத்திரமாக வந்தது. நீ எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டு உள்ள கேசட், டி.வி. திரையைப் படம்பிடித்த ஐந்து போட்டோ, கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பித் தந்த பழைய உறை, மூன்றும் வந்தன. ஆபீஸ் வேலை முடிந்து வந்து எட்டு மாதம் தனியாக உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்திருக்கிறாய். இங்கே அதைப் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் ஏது. ஆசையில் கேசட்டை நம் டேப் ரெக்கார்டரில் போட்டேன். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஒரே இரைச்சல். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, இது எந்த அருவி என்று கேட்டாள். மெஷினுக்கு மட்டும் புரிகிற சத்தம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

இனி நீ வரைந்து தரச் சொன்ன புது உறை விஷயம். பழைய உறையைப் பள்ளிக்கூடத்தில் என் ஓவிய வகுப்பில் கரும்பலகையில் ஒட்டி, என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். முன் பெஞ்சுக்காரிகள் ஒன்பது பூதம், ஒரு வாள், ஒரு கோட்டை என்று எண்ணினார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்திக்கும் எதுவும் தெரியவில்லை. தலைப்பெழுத்து கொடிமாதிரி சுருண்டு கிடக்கிறது. கடையில் உன் கேசட் இருநூறு கேசட்டுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்தில் நிற்கப்போகிறது. வருகிறவன் நடந்துகொண்டே பார்ப்பான். அவன் கண்ணுக்கு ஒரே ஒரு உருவம், ஒரே ஒரு வெளிச்சம் போதும். அதோடு, உள்ளே இல்லாததை உறையில் போடக்கூடாது. உன் விளையாட்டில் பூதமே கிடையாதே, பிறகு ஏன் அந்த ஒன்பது?

நீ எழுதியபடி, ஒருவன் அருவிக்குப் பின்னால் நுழைந்து, அறை அறையாக மேலே ஏறிக் காணாமல் போன ஒருவரைத் தேடுகிறான். அப்படியானால் சுற்றிலும் கறுப்புப் பாறை, நடுவில் வெள்ளையாக நெட்டுக்குத்தாக அருவி, அடியில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு சின்ன மனிதன். மேலே தடித்த எழுத்தில் ஆங்கிலத் தலைப்பு. இவ்வளவுதான் என் யோசனை. போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போய்ப் பேரருவியைப் பார்த்து வரைந்து வந்தேன். ஐப்பசி மழையில் தண்ணீர் செந்நிறமாக விழுகிறது. போலீஸ்காரர் கயிறு கட்டி ஒருவரையும் விடவில்லை. அதற்கு முன் அந்தப் பக்கம் நான் போய்ப் பதினான்கு வருஷம் ஆயிற்று.

கடைசி அறையில் யாரை வைப்பது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அன்புடன்,
சொக்கம்மாள்

தென்காசி,
20-1-1985

அன்புத் தம்பிக்கு,

உறை எங்கே, மார்ச்சுக்குள் கடைக்குப் போக வேண்டும் என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். முதல் உறை ஆறு வாரத்துக்கு முன்பே தயார். அனுப்பக் கை வரவில்லை. ஏன் என்று முழுக்க எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

கேசட் அளவிலேயே போஸ்டர் கலரில் வரைந்து முடித்தேன். கடையில் எடுபடுமா என்று பார்க்க, குற்றாலத்தில் துண்டும் எண்ணெயும் பாட்டுக் கேசட்டும் விற்கும் செல்லச்சாமி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். ஐயப்ப சாமிமார் வந்துபோகும் சமயம், நல்ல கூட்டம். பாட்டுக் கேசட் அடுக்கில் நடுவரிசையில் அதையும் ஒன்றாக வைத்தார். நான் எதிர்க்கடை ஓரம் நின்று, யார் கை அதன்மேல் போகிறது என்று எண்ணினேன். மத்தியானத்துக்குள் பதினொரு பேர் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பூவும் பானையும் வரையச் சொல்லிக்கொடுத்த எனக்கு இது வருமென்று நான் நினைக்கவில்லை.

பிறகு அண்ணாச்சி கூப்பிட்டு, எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்றார். அருவிக்குள் நிற்கிற சின்னப்பயல் யார் என்று கேட்கிறார்களாம்.

தம்பி, முதுகு காட்டி நிற்கும் மனிதன் அருவிக்கு வெளியே அடியில் நிற்கிறான்; அருவிக்குள் நான் யாரையும் வரையவில்லை. வெள்ளைப் பூச்சு, அதன்மேல் சாம்பல் நிறத்தில் நாலு கோடு, அவ்வளவுதான். உறையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புளியறையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ராபியா தன் கடைக்குப் பாட்டுக் கேசட் வாங்க வந்திருந்தாள். அவளிடம் நீட்டினேன். கொஞ்சமும் யோசிக்காமல் விரலை வைத்தாள்.

“இங்கன பாருங்க டீச்சர். தண்ணிக்குள்ள நிக்கான். வலது கைய நீட்டிக்கிட்டு நிக்கான்.”

வீட்டுக்கு வந்து அந்த உறையைக் கிழித்துப் போட்டேன். புது அட்டையில், வேறு தூரிகையில், கோடே இல்லாமல் வெறும் வெள்ளையாக அருவியைப் பூசினேன். மறுவாரம் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்குப் பதினேழு பேர் எடுத்தார்கள். அதே கேள்வி. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பையன் நனைந்து போயிருக்கிறானே, யாராவது வெளியே இழுக்கக்கூடாதா என்று கேட்டாராம். செல்லச்சாமி அண்ணாச்சி என்னைப் பார்க்காமலே உறையைத் திருப்பித் தந்தார். இதை இனிமேல் இங்கே வைக்க வேண்டாம் தாயி என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது உறையைக் கடைக்கே கொண்டுபோகவில்லை. பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் ஜன்னலோரம் காயவைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா அதைக் கையில் வைத்திருக்கிறாள். முகத்தில் ஒட்டுகிறமாதிரி பிடித்திருந்தாள். அம்மாவுக்கு என் முகமே தெரியாது இப்போது. நான் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பாமல் மெதுவாகக் கேட்டாள்.

“ஏட்டி, பிச்சுமணி கைய மொதல்ல விட்டது நீதான?”

நான் பால் செம்பைக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒன் மொகத்தப் பாத்தேன். ரெண்டு பிள்ளைதான் மிச்சம், அதுல ஒண்ணக் காட்டிக்குடுக்க எனக்கு மனசு வரல.”

முத்து, உனக்கு அன்றைக்குப் பதினொரு வயது, நம் கடைக்குட்டி பிச்சுமணிக்கு ஏழு, எனக்குப் பதினைந்து. அப்பாவுக்குத் தெரியாமல் மூன்று பேரும் குற்றாலத்தில் கைகோத்துச் சிற்றாற்றைத் தாண்டினோம். அவன் நடுவில். முன்னால் நான், பின்னால் நீ. தண்ணீர் சட்டென்று நிறம் மாறி, சருகும் குச்சியுமாக வந்தது. உனக்கு இது வரைக்கும் நினைவிருக்கும். இதற்கு மேல் நீ நினைத்துக்கொண்டிருப்பது பொய். பாறையில் ஏற எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நான் அவன் வலது கையை உதறினேன். வழுக்கவில்லை, உதறினேன். அவன் பாரம் முழுக்க உன் கையில் வந்தது. நீ கழுத்துவரை தண்ணீரில் அவனைப் பிடித்திருந்தாய். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வெள்ளத்தில் உன் கை எவ்வளவு நேரம்தான் தாங்கும். அவன் என்னைப் பார்த்துத்தான் அந்தக் கையை நீட்டியபடியே போனான்.

யார் விட்டது என்று அப்பா கேட்டபோது நான் உன்னைக் காட்டினேன். நீ காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாய். எழுந்தபோது ஊரே அப்படிச் சொன்னதால் நீயும் நம்பிவிட்டாய். அப்பா சாகும்வரை உன்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. நீ படிக்கப் போனதும், கடல்தாண்டிப் போனதும், ஏழு வருஷமாக இந்தப் பக்கம் வராததும் எதனால் என்று எனக்குத் தெரியும். உன் பார்சலைப் பிரித்து அந்த ஐந்து போட்டோவைப் பார்த்தபோதே, நீ யாரைத் தேடி விளையாட்டு எழுதியிருக்கிறாய் என்று புரிந்துவிட்டது. தெரிந்தும் தலைப்பெழுத்தைப் பற்றி உனக்குப் பாடம் எழுதினேன்.

அம்மா பேசி முடித்த பிறகு உறையை வாங்கிப் பார்த்தேன். இந்தத் தடவை எனக்கும் தெரிந்தான். அரைக்கால் சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, நீட்டிய கை. பயமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவன் ஒரு நாள்கூட வளரவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

அவன்மேல் மறுபடி வெள்ளை பூச என்னால் ஆகாது. உறையை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைக்கு நல்ல உறைதான். பார்க்கிறவர் கையை இழுக்கும். ஏன் இழுக்கிறது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும். உனக்கு வேண்டாமென்றால் கிழித்துவிடு. ஆனால் கிழிக்குமுன் ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பார். நீ பிடித்திருந்த இடது கை எப்படி இருக்கிறது என்று பார். அது இறுகப் பிடித்ததுபோல மூடியே இருக்கிறது.

மாசி ஐந்தாம் தேதி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டு அவிழ்க்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். பண்பொழி மலைக் கோயிலுக்கு ஆள் அனுப்பி உன் பெயருக்கு அர்ச்சனை செய்து, திருநீறு வாங்கி வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தில் மடித்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள்.

என்னை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. நீ வருகிற நாளில் நான் வீட்டில் இருக்கக்கூடாது என்றால் சொல், ராயகிரிச் சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன். அம்மாவுக்காக வா. நீ நன்றாக இருக்க வேண்டும். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்படிக்கு,
சொக்கம்மாள்