பீங்கான் பயிலரங்கில் சாய்ந்த கோன்கள்

1973 பிப்ரவரி 4, ஞாயிறு

பிளேடு மழுங்கிவிட்டது. தாடையில் இரண்டு வெட்டு. "எலெக்‌ஷன் கூட்டத்துல கல்லடி பட்டப்பகூட இவ்ளோ ரத்தம் வரலையே" என்றாள் ஆண்டாள். மனைவிக்கு இதெல்லாம் மறப்பதே இல்லை.

மதியம் சுப்புராயன் வந்தார். ஊரின் பீங்கான் தயாரிப்பாளர் சங்கச் செயலாளர். நாளை தொடங்கும் ஐந்து நாள் விஞ்ஞானப் பயிலரங்கு அவர் தலையில் விழுந்திருக்கிறது. "அண்ணே, தெனமும் உங்க பேப்பர்ல ஒரு நியூஸு வந்தாகணும். மதராஸ்லேருந்து டாக்டர் லட்சுமிநாராயணன் வர்றாரு. நாப்பது வருஷ சர்வீஸு. அவரு தலையாட்டினாத்தான் எந்த ஆய்வும் நடக்கும்."

பொருள்: ஊறுகாய் ஜாடிக்குப் பூசும் கண்ணாடி மெருகில் மயிரிழை போல விழும் வெடிப்பு. எண்ணெய் கசிகிறது, ஊர் ஜாடிகள் லாரி லாரியாகத் திரும்பி வருகின்றன. சங்கம் முதல் தடவையாக இரண்டு பெண்களையும் அழைத்திருக்கிறதாம். "முற்போக்கு-ன்னு ஒரு வார்த்தை போட்ருங்கண்ணே." பார்க்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 5, திங்கள்

தொடக்க விழா. குத்துவிளக்கின் திரி மூன்று தடவை அணைந்தது. சூளை வைத்திருப்பவர்கள் நாற்பது பேர் கூடியிருந்தும் ஒருவராலும் அதை எரிய வைக்க முடியவில்லை.

பெண்கள் இருவர். நீலாவதி, திட்டக்குடிக்காரர், கல்லூரியில் ரசாயன ஆசிரியை, நாற்பது வயதிருக்கும், தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். வைதேஹி, மதராசில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை, இருபத்தாறு வயது. வெடிக்காத மெருகுக்கு ஒரு கலவை கண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுடைய கட்டுரை. சபை ஏற்றுக்கொண்டால் இங்கே ஒரு சூளையில் ஆறு மாதம் சோதனை செய்யலாம். இல்லையென்றால்? கேட்டேன். "திரும்பிப் போய் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டணும் சார். மூணு வருஷமா அதான் ஒட்டறேன்."

டாக்டர் அவளைப் பார்த்ததும், "கட்டுரை கெடக்கட்டும் பாப்பா, இறைவணக்கம் யார் பாடறது?" என்றார். அவள்தான் பாடினாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது தெரியும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

நம் செய்தி வந்திருக்கிறது. 'மயில் கழுத்து நிறச் சேலையில் வந்த இளம் விஞ்ஞானி வைதேஹி இறைவணக்கம் பாடினார்.'

காலையில் அவள் நேரே என்னிடம் வந்தாள். "சார், டாக்டர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார்?"

யோசித்தேன். தெரியவில்லை.

"பரவாயில்லை சார்" என்று போய்விட்டாள்.

இனி காலை அமர்வு. டாக்டர் மேடையை விட்டிறங்கி, "சபையோடு சபையா இருக்கேன்" என்று மூன்றாம் வரிசையில் வைதேஹிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது. அவள் நாற்காலியும் ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இன்னொரு சாண். அவளுக்கு வலப்பக்கம் கருவேப்பிலங்குறிச்சி சாலையில் ஜாடி சூளை வைத்திருக்கும் மாயவன். வரிசையின் கடைசி ஆள். அவள் நகர, அவரும் நகர வேண்டியதாயிற்று. காபிக்கு மணி அடித்தபோது மாயவன் கதவைத் தாண்டித் தாழ்வாரத்தில் இருந்தார். அங்கிருந்தபடியே குறிப்பெடுத்தார், நல்ல மனிதர்.

"என்னங்க வெளியில?" என்று கேட்டேன்.

"தெரியலிங்க. உள்ள யாரோ தள்றாங்க."

வைதேஹி சுப்புராயனிடம் முறையிட்டாள். நீலாவதியும் கூட நின்றார். சுப்புராயன் கைக்குட்டையை எடுத்தார். "பெரியவரும்மா. பாசமாப் பழகுவாரு."

"அந்தப் பாசம் மாயவன் பக்கம் போகலையே சார்" என்றார் நீலாவதி.

மாலையில் கமிட்டி கூடி நடத்தை விதிகள் எழுதுகிறதாம். இருபத்தெட்டு வருஷம் நிருபர் வேலை பார்க்கிறேன். விஞ்ஞானிகளுக்கு நடத்தை விதி எழுதிக் கேள்விப்பட்டதில்லை.

பிப்ரவரி 7, புதன்

விதிகள் வந்தன. சைக்ளோஸ்டைல் மை காயாமல் எல்லார் விரலும் நீலம்.

பெண்கள் தனி வரிசையில் அமர வேண்டும். மாலை ஐந்துக்குள் கூடத்தை விட்டுச் செல்ல வேண்டும். அநாவசியமாகச் சிரிக்கலாகாது. துணைக்கு ஓர் ஆண் உறவினரை அழைத்து வரலாம், சாப்பாடு சங்கத்தின் பொறுப்பு.

நீலாவதி வரி விடாமல் வாசித்தார். "சுப்புராயன் சார், நாற்காலிய நகத்துனது யாருங்க?"

"டாக்டருங்க."

"அப்ப விதி யாருக்குங்க?"

கைக்குட்டை.

அரை மணியில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதி வந்தது. ஒரே வரி: 'அனைவரும் பண்புடன் நடந்துகொள்க.' டாக்டர்தான் முதலில் கைதட்டினார். "பிரமாதம்!" என்று சொல்லி, தட்டிய கையை அப்படியே நீலாவதி தோளில் வைத்தார். நீலாவதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அது யாருடையது என்று விசாரிப்பவர் போல. கை போய்விட்டது.

"நான் கொஞ்சம் வாஞ்சையான ஆளு" என்றார் டாக்டர். "என் சூடு எனக்கே தெரியறதில்லை."

வைதேஹி எழுந்தாள். "தெரியாததுக்குத்தானே சார் சூளைக்குள்ள கோன் வைக்கிறோம்?"

கோன் என்பது விரல் நீள மண் கூம்பு. மூன்றை வரிசையாகக் களிமண்ணில் நட்டுச் சூளைக்குள் வைப்பார்கள். சூடு ஏற ஏற ஒவ்வொன்றாகத் தலை சாயும். முதலாவது எச்சரிக்கை. இரண்டாவது, போதும் நிறுத்து. மூன்றாவதும் சாய்ந்தால் சரக்கு பாழ். இந்த ஊரில் இதைத் தெரியாதவர் இல்லை. அவள் சொன்ன ஏற்பாடு இது: ஒவ்வொருவர் முன்னும் ஒரு சிறு மேஜை, அதில் மூன்று கோன். பெண்களின் உடம்பு, உடை, கல்யாணம் பற்றிப் பேச்சுப் போனாலும், கேட்காமல் கை போனாலும், அந்தப் பெண் வந்து அவர் மேஜையில் ஒன்றைச் சாய்ப்பார். ஒன்று சாய்ந்தால் எச்சரிக்கை. இரண்டானால் சபையில் மன்னிப்பு. மூன்றானால் வெளியே.

கமிட்டி உடனே ஒப்புக்கொண்டது. மேஜைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

நிருபர் மேஜைக்கும் மூன்று வைத்தார்கள். 

ஆண்டாளிடம் சொன்னேன். "ஊரு ஆம்பளைங்களுக்கெல்லாம் மூணு மூணு குடுங்க. உங்களுக்கு ஆறு" என்றாள்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் ஆண்கள் எல்லாரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், போட்டோ எடுக்கப் போவதுபோல. மாயவன் கோன்களைப் பார்த்துக்கொண்டே நீலாவதியிடம் கேட்டார்: "சாப்டிங்களா-ன்னு கேக்கலாங்களா?"

"கேக்கலாம்."

"என்ன சாப்டிங்க?"

"அதுவும் கேக்கலாம். இட்லி."

"யாரு சமைச்சா?"

நீலாவதியின் கை கோன் பக்கம் போனது. மாயவன் இரண்டு கையாலும் மூன்றையும் பொத்திக்கொண்டார். "எங்க வூட்ல நான்தாங்க சமைப்பேன்! அதுக்குக் கேட்டேன்!" கை திரும்பியது.

டாக்டரின் முதல் கோன் பத்து மணிக்கு. "இந்தக் கோன் மாதிரியே ஒல்லியா இருக்கியே பாப்பா." வைதேஹி வந்து சாய்த்தாள், திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

இரண்டாவது, நீலாவதி களிமண்ணின் இரும்புச் சத்து பற்றிப் பேசும்போது. "இவ்ளோ தூரம் வீட்டுக்காரர் எப்படி அனுப்பறார்?" என்றார் டாக்டர். நீலாவதி "இரும்பு மூணு சதவீதத்துக்கு மேல போனா நிறம் கெடும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, சாய்த்து, "ஆகவே மண்ணைக் கழுவணும்" என்று மேடைக்குத் திரும்பினார். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

மதிய இடைவேளையில் ஒரு விசித்திரம். டாக்டர் தம் மூன்றாவது கோனைச் சுற்றி ஈரக் களிமண்ணை அணைத்து, கழுத்து வரைக்கும் கரை கட்டிவிட்டார். வயலுக்கு வரப்பு போடுவதுபோலப் பொறுமையாக. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. வெக்கையில் மூன்று மணிக்குள் மண் கல்லாகிவிட்டது.

மூன்றரைக்கு, மாதிரி ஜாடிகள் வைத்திருக்கும் அலமாரி அருகில் வைதேஹி நின்றாள். டாக்டர் ஜாடியைப் பார்ப்பதாகப் போனார். அவர் கை அவள் இடுப்புக்குப் போனது. இதை நான் பார்த்தேன். இது சிரிப்பதற்கில்லை. அவள் முகம் — எழுத வேண்டாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். நேரே அவர் மேஜைக்கு வந்து மூன்றாவது கோனைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஜெயராஜ் எழுந்து வந்தார் — கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர், நான்கு நாளாக வாயே திறக்காதவர். அவர் இழுத்தார். வரவில்லை. மாயவன் ஓடி வந்து மேஜையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மறுபடி இழுத்ததும் கோன் பாதியில் முறிந்தது. ஜெயராஜ் பின்னால் போய் சுப்புராயன் மடியில் உட்கார்ந்தார்.

"முறிஞ்சா என்ன கணக்கு?" என்றார் சுப்புராயன், அடியிலிருந்து.

"சூளையில கோன் முறிஞ்சா என்ன செய்வீங்க? கதவச் சாத்துவீங்க இல்ல?" என்றார் ஜெயராஜ்.

டாக்டர் வெளியே போனார். போனவர் சுப்புராயனைத் தனியே கூப்பிட்டார். தூணுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். "நாளைக்கு நான்தான் தலைமை. அந்தப் பொண்ணு கட்டுரை நிகழ்ச்சியில இருந்தா ஆய்வுக்கு என் கையெழுத்து கெடையாது. யோசிச்சுக்குங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று வருஷ லேபிள்.

சுப்புராயன் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். சம்பந்தி வீட்டாரிடமே சொன்னதில்லை. பாவம், தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு திடீரென்று நின்றார்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் மைக்கில் அவர் குரல்: "நமது மாண்புமிகு டாக்டர் அவர்களுக்கு இப்போது வழியனுப்பு மரியாதை!"

வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த மாலை, ஜரிகைச் சால்வை, எலுமிச்சம்பழம், போட்டோகிராபர். மேடைக்கு மறுபடி அழைத்து உட்கார வைத்திருந்த டாக்டர் எழுந்து "நாளைக்குத்தானே..." என்பதற்குள் மாலை விழுந்துவிட்டது. சால்வை விழுந்துவிட்டது. நாற்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாயவன் நாதசுரத்துக்குக்கூட ஆள் வைத்திருப்பார், நேரம் இல்லை. வழியனுப்பிய விருந்தாளி தங்க முடியுமா? போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, "தங்களை எப்படிப் பிரிவோம்" என்று சுப்புராயன் நிஜமாகவே கண் கலங்க, டாக்டர் காரில் ஏறினார். கார் உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனது.

"கையெழுத்து?" என்று கேட்டேன்.

"சூளை என்னுதுங்க" என்றார் மாயவன். "என் சூளைக்குள்ள எத வெக்கறதுன்னு சொல்ல மதராஸ் கையெழுத்து எதுக்கு?"

செய்தி அனுப்பினேன். 'அவசர வேலையாகப் புறப்பட்டார்' என்று போடச் சொன்னார் சுப்புராயன். காரணத்தை உள்ளபடி எழுதினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

தலைமை நீலாவதி. வைதேஹி முக்கால் மணி நேரம் வாசித்தாள். மெருகில் குவார்ட்ஸ் தூள் கூடினால் வெடிப்பு நிற்கும் என்பது சாரம். முடித்துவிட்டு, "கேள்விகள்?" என்றாள்.

எல்லார் கண்ணும் தம் தம் கோன் மேல். "ரொம்ப நல்லாருக்குது" என்றார் ஒருவர், தரையைப் பார்த்து. "மிக்க சிறப்பு" என்றார் இன்னொருவர். கும்பிட்டார்.

அவள் முகம் வாடிவிட்டது. இதற்காகவா? நேற்றுவரை அவளைப் பற்றிப் பேசினார்கள்; இன்றைக்கு எதைப் பற்றியும் பேசவில்லை. கட்டுரையை இரண்டு நாளும் யாரும் தொடவில்லை.

மேஜையைத் தட்டினாள். "மெருகத் திட்டுங்க சார்! கணக்கத் திட்டுங்க! அதுக்குக் கோன் சாயாது!"

ஜெயராஜ், ஒரு கையால் கோன்களை மறைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப சொல்றேங்க. உங்க கணக்கு தப்பு. இவ்ளோ குவார்ட்ஸ் போட்டா இந்த ஊர் சூளைச் சூட்டுல மெருகு உருகவே உருகாது."

"எவ்வளவு சூட்டுல பாத்தீங்க?"

"பாக்கணுமா? தெரியாதா?"

"பாக்காம எப்படிச் சொல்வீங்க?"

அவ்வளவுதான். மாயவன் எழுந்தார், நாலு பேர் எழுந்தார்கள், கரும்பலகை பற்றாமல் சுவரில் எழுதினார்கள். சுப்புராயன் "சுண்ணாம்பு அடிச்சி ஒரு வாரந்தாங்க ஆவுது" என்று கெஞ்சினார். நீலாவதி மணி அடித்து அடித்து மணியின் நாக்கு விழுந்துவிட்டது. சாப்பாடு ஆறிப்போயிற்று. வைதேஹி இரண்டு இடத்தில் தோற்றாள், மூன்று இடத்தில் ஜெயித்தாள்; தோற்ற இடத்திலும் அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

சோதனை மாயவன் சூளையில் என்று முடிவு. கை தூக்காதவர் ஜெயராஜ் ஒருவர்தான். தாமே வந்து பக்கத்தில் நின்று அது தோற்பதைப் பார்க்கப் போகிறாராம்.

பிப்ரவரி 10, சனி

கோன் விதிகளை முழுதாக அச்சிட்டிருக்கிறார்கள். சினிமா விளம்பரத்துக்குக் கீழே.

ஜூன் 14, வியாழன்

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு வாய்க்கால் தகராறு விஷயமாகப் போனவன், வழியில் மாயவன் சூளையில் இறங்கினேன். சோதனையின் முதல் சூளைச் சரக்கைப் பிரித்திருந்தார்கள். ஜாடிகள் மேல் மெருகு உருகாமல் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"என்னம்மா கணக்குப் போட்டிங்க? ஒரு சூளை ஜாடியும் போச்சு!" — மாயவன்.

"ஒழுங்கா வெறகு போடாம நடுச்சாமத்துல தூங்கினது யாரு? என் கணக்கா தூங்கிச்சு?" — வைதேஹி, முழங்கை வரை சாம்பல்.

"நான்தான் அப்பவே சொன்னேன்" — ஜெயராஜ்.

"நீங்க பேசாதீங்க, உங்க தெர்மாமீட்டர் ஒரு வாரமா ரிப்பேர்!" என்று இருவரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.

நான் போயிட்டு வரேன் என்றேன். யார் காதிலும் விழவில்லை. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இரண்டாவது சூளைக்கு ஜாடி அடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.