அண்ணாச்சி விற்ற கத்தி

நாள் 211. 06.40. செவ்வாய், வட பனிப்பரப்பு, மூன்றாம் முகாம். வெளியே −71.

நேற்று மூன்றாம் முகாமில் நூற்றிருபது புதிய மடக்குக் கத்திகளைக் கொடுத்து, நூற்றிருபது பழைய கத்திகளை வாங்கினேன். பழசுக்குப் புதுசு, மேலே எதுவும் தர வேண்டாம். பழைய எஃகைத் துளைமுனை செய்பவர்கள் அங்கேயே வாங்கி உலையில் போட்டுவிட்டார்கள். இரண்டாம் முகாமில் போன வாரமே முடித்தாயிற்று. மிச்சம் ஒரு பெட்டி, அறுபது கத்தி, நான்காம் முகாமுக்கு. வண்டி ஓட்டுபவள் பிரகாசி; பனிச்சுவரில் கயிறு கட்டி இறங்கும் அணியில் பதினோரு வருடம் இருந்தவள். அவளும் நேற்று தன் பழைய கத்தியை மாற்றிக்கொண்டாள்.

எழுதுபவன் தர்மக்கண், வியாபாரி. வண்டிக் குறிப்பு எழுதுவது பயணியின் வேலை என்று இங்கே விதி.

09.15. வெளியே −78.

பாதை சீராக இருக்கிறது. பின்னால் சரக்குச் சறுக்குவண்டி ஒழுங்காக வருகிறது. பிரகாசி ஒருமுறை இறங்கி, இணைப்புக் கொக்கியில் ஏறிய பனியைக் கத்தியால் கொத்தினாள். உடை வானொலியில்: "அண்ணாச்சி, அம்புட்டு முறுக்கையும் நீங்களே தின்னுராதீங்க. கண்ணாடி வழியா தெரியுது."

கத்தி தாங்கியது. அதுவரை நான் மூச்சுவிடவில்லை. ஏன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

12.05. விபத்து.

11.52க்குப் பனி வெடித்தது. பிரகாசி கொக்கியைப் பார்க்க இறங்கியிருந்த நேரம். சறுக்குவண்டி பிளவுக்குள் சரிந்து தொங்குகிறது. அதைப் பிணைத்திருந்த வார்வலை அவள் இடது காலைச் சுற்றி இறுகி, அவளை விளிம்பில் கட்டிப்போட்டுவிட்டது. ஆறு வார்கள். சுமை ஏறியதால் கொக்கி எதுவும் கழலவில்லை. சூரியத் தகடு நொறுங்கிவிட்டது. இருக்கிற மின்கலத்தோடு சரி.

நான்காம் முகாமுக்குச் சொன்னேன். பதில்: "மீட்பு வண்டி கிளம்புது. பத்து மணி நேரமாகும். தாக்குப்பிடிங்க."

அவள் உடையில் காற்று ஐந்து மணி நேரம். வண்டிக் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. அதற்குள் வார்களை அறுத்து அவளை உள்ளே கொண்டுவர வேண்டும்.

13.00. பிளவின் நிழலில் −96.

மின்சார வெட்டி குளிரில் நின்றுவிட்டது. இங்கே மின்கருவிதான் முதலில் சாகும். மடக்குக் கத்தி சாகாது. அதை நம்பித்தான் எல்லோரும் பனியில் இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் நான் சரக்கு போட்டேன்.

அவளுடைய கத்தி முதல் இழுப்பில் ஒடிந்தது. வண்டிக்குள் இருந்த சரக்குப் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது, மூன்றாவது. பதினான்கு கத்தி ஒடிந்தாயிற்று. ஒரு வாரில் பாதிகூட அறவில்லை.

"இது என்ன அண்ணாச்சி, கத்தியா அப்பளமா?" என்று சிரித்தாள். கால் மரத்துவிட்டதாம், வலிக்கவில்லையாம்.

13.20. மின்கலம் நூற்றுக்கு 44.

ஒரு வழி எனக்குத் தெரியும். கத்தியை உணவு சூடாக்கும் தட்டில் வைத்து நன்றாகக் காய்ச்சி, துணியில் சுற்றிக்கொண்டு ஓடினால் மூன்று நிமிடம் ஒடியாது. ஒரு கத்திக்கு மின்கலத்தில் ஐந்து போகும். மீட்பு வண்டி வரும்வரை காற்று இயந்திரம் ஓடி உள்ளே இருவர் மூச்சுவிடப் பத்து வேண்டும். ஆறு வாருக்கு முப்பது. கட்டிவரும்.

கத்தி காய ஆறு நிமிடம். அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன்.

14.25. மின்கலம் 24.

நான்கு வார்கள் அறுந்தன. அவள் வாரை உடையிலிருந்து விலக்கிப் பிடிக்கிறாள், நான் அறுக்கிறேன். அவள் பிடிக்காவிட்டால் கத்தி உடையைக் கிழித்துவிடும்.

நான்காவது அறுந்ததும் கேட்டாள்: "சூடு பண்ணினா ஒடியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் தயாராக இருந்தது. வாயில் வரவில்லை.

அனுமதிக்குக் கொடுத்த மாதிரிக் கத்திகள் நல்ல எஃகு. சரக்கு வேறு எஃகு. முகாம்களில் கத்தி வாங்குபவர்கள் கடையில் ஒரு கயிற்றை அறுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள், பழக்கம் அது. கடைக்குள் இருபத்திரண்டு பாகை. யார் வேண்டுமானாலும் எத்தனை கயிறு வேண்டுமானாலும் அறுக்கலாம். நான் பத்துக் கத்தியை ஒரு நாள் வெளியே வைத்துப் பார்த்தவன். ஏழு ஒடிந்தன. அப்போதுதான் சூடாக்கியும் பார்த்தேன். பிறகு பெட்டிகளை மூடி வண்டியில் ஏற்றினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு: "எம் பழைய கத்தியைத் தர மாட்டேன்னு சொன்னேன். நீங்கதான் நின்னு கேட்டு வாங்கினீங்க."

ஆமாம். அது நல்ல எஃகு, விலை போகும் என்று கேட்டு வாங்கினேன்.

14.40.

அவள் வாரைப் பிடிக்க மறுக்கிறாள்.

"எட்வின் ரெண்டாம் முகாமில இருக்கான். எந்தம்பி. மூன்றரைக்கு அவன் அணி பனிச்சுவர்ல இறங்குது. கயிறு சிக்கினா அறுக்க அவங்கிட்ட உங்க கத்திதான் இருக்கு. மொதல்ல ரெண்டு முகாமுக்கும் சொல்லுங்க. அப்புறம் புடிக்கேன்."

தூர வானொலிக்கு ஒன்பது போகும். மீட்பு வந்ததும் சொல்கிறேன் என்றேன். முடியாது என்றாள். என் பெயர் சொல்லாமல், சரக்கில் குறை என்று மட்டும் சொல்கிறேன் என்றேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அந்த நிலையிலும் கேட்டேன்.

"பேரு சொல்லணும். தர்மக்கண் அண்ணாச்சி சரக்கு நல்லாருக்கும்னுதான் வாங்கினாங்க. அவரே வேண்டாம்னு சொன்னாத்தான் தூக்கிப் போடுவாங்க."

என்னைவிட நன்றாக வியாபாரம் தெரிந்தவள்.

15.06. மின்கலம் 15.

செய்தி போனது. என் குரலில், என் பெயரில், மாதிரிக் கத்தி விஷயம் உட்பட.

மூன்றாம் முகாமிலிருந்து பெற்றுக்கொண்ட குறி மட்டும் வந்தது. இரண்டாம் முகாம்: "அணி இன்னும் இறங்கலை. நிப்பாட்டியாச்சு. பேசுறது நெசமா அண்ணாச்சிதானா? வேற யாரும் உங்க பேரைக் கெடுக்கலையே?"

நான்தான் என்றேன். அதைச் சொல்வதுதான் மிகக் கடினமாக இருந்தது.

பிரகாசி வாரைப் பிடித்துவிட்டாள்.

15.20.

கத்தி தட்டில்.

இரண்டு வாருக்குப் பத்து. மிச்சம் ஐந்து. ஐந்தில் ஒருவர்தான் மீட்பு வரும்வரை மூச்சுவிடலாம். இருவர் என்றால் பாதி வழியில் இருவருக்கும் முடிந்துவிடும். உடைகளில் மிச்சமிருப்பதைச் சேர்த்துப் பார்த்தேன். போதவில்லை. மறுபடி பார்த்தேன்.

அவளிடம் மறைக்கவில்லை. பாதிப் பாதி என்று பேரம் பேசினாள். "ஒருவேளை வண்டி சீக்கிரம் வந்துரலாம் அண்ணாச்சி." வராது. அந்தப் பாதை எனக்குத் தெரியும். அழுதாள், திட்டினாள். திட்டியது எல்லாம் சரி.

கத்தி காய்ந்துவிட்டது. இனி எழுத நேரம் இருக்காது. படிப்பவர் தெரிந்துகொள்ள, பேசி முடித்தது இது:

வார் இரண்டையும் நான் அறுப்பேன். உள்ளே இருக்கும் காற்று முழுக்க அவளுக்கு. என் உடையில் இரண்டு மணி பத்து நிமிடம் இருக்கிறது. அதோடு நான் வெளியே. பதிலுக்கு, கடைசியில் நான் நல்லவனாகப் போனேன் என்று அவள் யாரிடமும் சொல்லக் கூடாது.

சம்மதித்துவிட்டாள்.