இறக்கையில் ஒரு வளைவு

பிப்ரவரி 9

இன்று அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

கல்யாணமான மறு வருஷம் வாங்கியது. கடலில் இறங்கும் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், நான்கு எஞ்சின். கை நன்றாகப் பழகட்டும், இதைப் போய்க் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பொத்திப் பொத்தி அலமாரி மேலேயே வைத்திருந்தேன். இதற்கிடையில் கட்டிய விமானங்கள், கப்பல்கள், டாங்கிகள் எல்லாமே இதற்கு ஒத்திகை என்றுதான் நினைப்பு. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "உங்க இளையாளுக்கு இன்னிக்குத்தான் விடிஞ்சுதா?" என்றாள்.

உள்ளே பாகங்கள் எல்லாம் உறை பிரியாமல் இருந்தன. மேலே ஒட்டும் எண், கொடி எல்லாம் அச்சிட்ட டீகால் தாள் மட்டும் மஞ்சள் பூத்துவிட்டது. போகட்டும், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் வெளுத்துவிடும். ஆனால் வலது இறக்கையின் மேல் துண்டைப் பார்த்ததும் வயிற்றெரிச்சலாகிவிட்டது. நடுவிலிருந்து நுனி வரை நெளிந்து கிடக்கிறது. இத்தனை வருஷம் கண்ணில் வைத்துக் காப்பாற்றியதற்கு இதுவா? எந்தப் புண்ணியவான் அச்சிலிருந்து சூட்டோடு பிடுங்கிப் போட்டானோ தெரியவில்லை.

பிப்ரவரி 10

வெந்நீரில் முக்கி எடுத்து, விரலால் மெல்ல அழுத்தி, உடனே குழாய்த் தண்ணீரில் காட்டினேன். மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. இப்போது ஊசி மாதிரி நேராக இருக்கிறது.

நான் எடுத்தது பால் காய்ச்சும் பாத்திரமாம். அதற்கு ஒரு மணி நேரம் அர்ச்சனை.

பிப்ரவரி 13

எங்கள் பல் லேபிலிருந்து நேற்று அனுப்பிய பல் கேப் திரும்பி வந்திருக்கிறது. பக்கத்துப் பல்லோடு சேரவில்லை, சாய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். முதலாளி அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் செய்த கேப் திரும்பி வந்து எத்தனை வருஷம் இருக்கும்! அந்த டாக்டர் அச்சை ஒழுங்காக எடுத்திருக்க மாட்டார். வேறென்ன.

பிப்ரவரி 16, ஞாயிறு

பசை வந்தான். எங்கள் மாடல் சங்கத்தில் அவனுக்கு அந்தப் பெயர்தான். ஒரு காலத்தில் கட்டைவிரலைக் கப்பலோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு, கப்பலும் கையுமாக ஆஸ்பத்திரிக்குப் போன ஆள். பழகிய நாளிலிருந்து என் மாடல் ஒன்றைக்கூட அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. டீகாலுக்கு அடியில் ஊசிமுனை அளவு காற்று நின்றாலும் கண்டுபிடித்து, "குப்பையில போடு" என்பான். அதனால்தான் எதைக் கட்டினாலும் முதலில் அவனுக்குக் காட்டுகிறேன்.

இறக்கையை எடுத்துப் பெருமையாகக் கொடுத்தேன். வாங்கியவன் முகம் மாறிவிட்டது.

"டேய், யாருடா இத வளைச்சது?"

"வளைஞ்சுதான் வந்துச்சு. நான்தான் நேராக்கினேன்."

அவன் அதைக் கண்ணாடி மேஜையில் வைத்து ஒரு முனையைத் தொட்டான். மறுமுனை எழும்பியது. டக், டக் என்று ஆடியது. இடது இறக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அது பசை போட்டதுபோல மேஜையோடு படிந்து உட்கார்ந்தது.

எனக்கு ஆத்திரம். உன் கண்ணில்தான் கோளாறு என்று சொல்லி என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இறக்கை மேல் வைக்கப் போனேன்.

ஸ்கேல் நெளிந்திருந்தது.

பல் லேபில் முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்கேல். அதைப் பார்த்தேன். கதவு நிலையைப் பார்த்தேன். அதுவும் நடுவில் இடுப்பு ஒடிந்து நிற்கிறது. தரையில் டைல்ஸ் கோடுகள்... எல்லாம். எத்தனை நாளாக இப்படி? நான் ஏன் கதவைப் பார்க்கவே இல்லை?

நல்ல இறக்கையை நானே வளைத்திருக்கிறேன். என் கையாலேயே.

பிப்ரவரி 18

கண் டாக்டர் சின்னப் பெண். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, "நடுவுல இருக்கற புள்ளியையே பாருங்க. கோடெல்லாம் நேரா தெரியுதா?" என்றார். நடுவில் யாரோ சட்டையைப் பிடித்துக் கசக்கியதுபோல இருந்தது. சொன்னேன். எழுதிக்கொண்டார்.

என் வலது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. இத்தனை வருஷமும் பல்லும் விமானமும் இடது கண் ஒன்றை நம்பித்தான். இப்போது அதற்குள் ரத்தம் கசிகிறதாம்.

"ஊசி போடலாம். இருக்கறதக் காப்பாத்தப் பார்க்கலாம், சார். போனது திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எதுல ஊசி?" என்று கூட வந்திருந்த வீட்டுக்காரி கேட்டாள். கண்ணில்தான் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை.

பிப்ரவரி 27

ஊசி போட்டாயிற்று. வலிக்கவில்லை. பயம்தான் வலித்தது.

மார்ச் 6

டீகால் தாளை ஜன்னலில் ஒட்டிவிட்டேன். எண்கள், கொடி, கதவுக்குக் கதவு எழுதியிருக்கும் எறும்பெழுத்து எச்சரிக்கைகள் எல்லாம் வெயிலில் தொங்குகின்றன. எதற்கு ஒட்டினேன்? யார் ஒட்டப்போகிறார்கள் இதை? சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 14

அந்த விமானத்தைப் பற்றிய பெரிய புத்தகத்தை எடுத்தேன். ரிவெட் ரிவெட்டாகப் படம் இருக்கும். விமானி அறையைப் பார்த்தால் விமானி அறை மறைகிறது. வாலைப் பார்த்தால் விமானி அறை வந்துவிடுகிறது, வால் போய்விடுகிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமல் இருந்தால்தான் தெரியும். இதென்ன கூத்து!

இவள் பக்கத்தில் உட்கார்ந்து படங்களுக்குக் கீழே இருப்பதை வாசித்தாள். பெயர்களைக் கடித்துக் குதறினாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தேன். தோடு தெரிந்தது, தலைமுடி தெரிந்தது. நடுவில் முகம் இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 28

இரண்டாவது ஊசி. "எதிர்பார்த்த அளவுக்குக் கேட்கல" என்றார் டாக்டர். இன்னொன்று போட்டுப் பார்க்கலாமாம்.

ஏப்ரல் 4

முதலாளி உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. அப்போதே புரிந்துவிட்டது.

"வீட்ல இருந்து கண்ணைப் பாருங்க. சரியானதும் வாங்க, உங்க மேஜை அப்படியே இருக்கும்."

நல்ல மனுஷன். பல் செதுக்கும் என் மெழுகுக் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். அப்படியே இருக்கப்போகிற மேஜையிலிருந்து யாராவது கத்தியை எடுத்துக்கொண்டு வருவார்களா?

ஏப்ரல் 5

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பசையோடு சண்டை. பெட்டியைக் கொடு, நான் கட்டித் தருகிறேன் என்றான். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? டப்பாவத் தூக்கிட்டுப் போறதுக்கு வந்திருக்கே!"

"டேய், நான் அப்படிச் சொல்லல..."

"எதுவும் சொல்ல வேணாம். கிளம்பு."

போய்விட்டான். காபி ஆறிக் கிடந்தது. இவள் எடுத்துக்கொண்டு போகும்போது, "கண்ணுதானே போச்சு, வாயும் சேர்ந்து கெட்டுப்போகணுமா?" என்றாள். அவள் இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கண்ணுதானே போச்சு. சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

ஏப்ரல் 21

கை பழகட்டும் என்று காத்திருந்தேன். முட்டாள். முட்டாள். அன்றைக்கே கட்டியிருந்தால் என்ன? கோணலாகத்தான் வந்திருக்கும், பசை வழிந்திருக்கும், ஆனால் நான் பார்த்திருப்பேனே. எதற்காக எடுத்து வைத்தேன் அதை?

மே 3

மூன்றாவது ஊசியும் முடிந்தது. "இனிமே நிறுத்திக்கலாம், சார்" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஓரத்துப் பார்வை இருக்கும், நடமாடலாம், விழ மாட்டீர்கள் என்றார். பெரிய வரம்.

மே 11, ஞாயிறு

நானே போன் செய்தேன். வா, டப்பாவை எடுத்துக்கொண்டு போ என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

"இங்கேயே வந்து கட்டறேன். உன் மேஜைலயே. நீ பக்கத்துல உட்கார்ந்து திட்டு" என்றான்.

மே 18, ஞாயிறு

ஆரம்பித்தோம். அவன் வெட்டுகிறான், நான் தேய்க்கிறேன். தேய்ப்பதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். இணைப்பில் பிசிறு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். இன்று கொஞ்சம் நன்றாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

ஜன்னலிலிருந்து டீகால் தாளை எடுத்து இவளிடம் காட்டினேன். மஞ்சள் போய்விட்டதா என்று கேட்டேன். "பளிச்சுனு இருக்கு" என்றாள். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

ஜூன் 1, ஞாயிறு

வலது இறக்கைதான் வம்பு. பசை வெந்நீரில் போட்டுப் போட்டு எடுத்தான். பிளாஸ்டிக் வெளிறிவிட்டதாம், இன்னும் அழுத்தினால் விரிசல் விடும் என்றான். "நான் பார்த்துக்கறேன், விடு" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கீழ்த்துண்டோடு ஒட்டும்போது என்னைத் தொட விடவில்லை. பசை காயட்டும் என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

(பேனா சரிப்படவில்லை. வரி மேல் வரி எழுதுகிறேன் என்று இவள் சொல்லி, தடித்த மார்க்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிதான் கொள்கிறது.)

விமானம் முடிந்துவிட்டது.

வால் எண்ணை மட்டும் என்னை ஒட்டச் சொன்னான் பசை. தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்கி, விரலால் ஓரம் பார்த்து ஒட்டினேன். காற்று நிற்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான்.

பிறகு மேஜை நடுவில் வைத்தார்கள். எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம்தான் தெரிந்தது, சுற்றிலும் இறக்கை நுனிகள்.

"இறக்கை நேரா இருக்கா?" என்றேன்.

"ஊசி மாதிரி இருக்குங்க" என்றாள் இவள்.

பசை விமானத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். பிறகு, "அருமையா வந்திருக்குடா. நம்ம சங்கத்துல இப்படி ஒண்ணு யாரும் கட்டினதில்ல" என்றான்.

காபி போட இவள் போனாள். கை கழுவ அவன் போனான். குழாய்ச் சத்தம் கேட்டது. இழுப்பறையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வலது இறக்கை மேல் நீளவாக்கில் வைத்து, ஸ்கேலுக்கு அடியில் விரலை ஓட்டினேன். நடுவில் என் கட்டைவிரல் நகம் முழுசாக உள்ளே போனது.

ஸ்கேலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "ஆமாடா, நல்லா வந்திருக்கு" என்று நானும் சொன்னேன். காபி வந்தது. மூன்று பேரும் குடித்தோம்.