ஆனேக்கல் நிலத்துக்கு உரிச்ச விதைக்கடலை

ஏங்க, சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. குழம்பைச் சுட வெச்சுக்கோங்க.

ஆனேக்கல்ல இருந்து பக்கத்துக் காட்டு லட்சுமம்மாக்கா போன் பண்ணாங்க. நம்ம கடலைக் காட்டுல லேஅவுட்டுக்குக் கல்லு நடுறாங்களாம். போன மாசமே நீங்க வித்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களாம். அப்புறம் போன வாரம் பூரா என்கூட உக்காந்து விதைக்கடலை உரிச்சீங்களே, எந்த நிலத்துல விதைக்க?

உரிச்ச விதை ரொம்ப நாள் தாங்காது. மூட்டையோட என் தம்பி காட்டுக்குப் போறேன். விதைச்சு முடிக்கிற வரைக்கும் போன் பண்ணாதீங்க.

சரளா

டப்பாவுல இருக்கிறது தோல் கிழிஞ்ச பருப்பு, முளைக்காது. வறுத்துத் தின்னுங்க. அத்தனையும் நீங்க உரிச்சது. உங்களுக்குக் கண்ணு மங்குதோன்னு பயந்து கண்ணாஸ்பத்திரிக்கு டோக்கன் வாங்கினேன். அது காலண்டர்ல சொருகியிருக்கு. கோளாறு கண்ணுல இல்லன்னு இப்பத்தான் தெரியுது.